ஏரியைக் கடந்தால் முடிந்துவிடும் சட்டம்: தலித் குடும்பங்கள் எங்கே குடியேறுவது?

அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் 2023 பிப்ரவரி 21 அன்று, வேலையிலும் வீட்டு வாடகையிலும் பொது இடங்களிலும் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. உறுப்பினர் க்‌ஷமா சாவந்த் கொண்டுவந்த அச்சட்டம் ஆறு வாக்குகளுக்கு எதிராக ஒரு வாக்கு என்ற கணக்கில் நிறைவேறியது. அமெரிக்க நகரம் ஒன்று இத்தகைய சட்டம் இயற்றியது அதுவே முதன்முறை. ஆனால் சியாட்டிலின் கிழக்கே உள்ள வாஷிங்டன் ஏரியைக் கடந்தால் பெல்வியூவும் ரெட்மண்டும் வருகின்றன. மைக்ரோசாஃப்ட்டின் தலைமையகமும் ஏராளமான இந்தியக் குடும்பங்களும் அங்கேதான் உள்ளன. அவை தனி நகராட்சிகள். சியாட்டிலின் சட்டம் அங்கே செல்லாது. பாலத்தின் இக்கரையில் ஒருவருக்கு இருக்கும் பெயர் குறித்த பாதுகாப்பு, அக்கரையில் இல்லை.

வெளிநாட்டில் குடும்பத்தோடு குடியேற எண்ணுவோர் ஊதியம், பள்ளி, வாடகை, தட்பவெப்பம் ஆகியவற்றை ஆராய்கிறார்கள். அவை நமக்கும் பொருந்தும். ஆனால் நம் குடும்பங்கள் இன்னொரு கேள்வியையும் கேட்டாக வேண்டும்: அங்கே சாதி நம்மைத் தேடி வந்தால், எதைப் பற்றிக்கொண்டு நிற்போம்?

கடல் கடந்தால் சாதி கழன்றுவிடும் என்ற நம்பிக்கைக்கு ஒரு காலத்தில் அடிப்படை இருந்தது. 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அண்ணல் அம்பேத்கர், மேலைநாடுகளில் கழித்த ஆண்டுகள் தீண்டப்படாதவர் என்ற நினைவையே தம்மிடமிருந்து அகற்றிவிட்டதாக ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற தன்வரலாற்றுக் குறிப்பில் பதிவுசெய்துள்ளார். நாடு திரும்பிப் பரோடாவில் இறங்கியதும், தங்குவதற்கு ஓர் அறை கிடைக்காமல் அலைந்ததையும் அதிலேயே எழுதுகிறார். அன்றைய நியூயார்க்கில் அவரைச் சுற்றி இந்தியச் சமூகம் என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை. இன்று நிலைமை வேறு. வேலைக்கான பரிந்துரை, அறைப் பங்கீடு, பண்டிகைக் குழு, வார இறுதித் தமிழ்ப் பள்ளி எனக் குடியேறியவரின் வாழ்க்கை முழுவதும் சொந்த நாட்டாரின் வலைப்பின்னலில்தான் ஓடுகிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள்சேர்த்த காலத்திலும் உறவும் சாதியுமே ஆள்சேர்ப்பின் வழியாக இருந்தன. வலைப்பின்னல் வழியே மனிதர் பயணம் செய்யும்போது சாதியும் உடன்பயணம் செய்கிறது.

தமிழர்களின் பெயரில் சாதிப் பட்டம் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே அது விசாரணை வழியே கண்டறியப்படுகிறது. ‘சொந்த ஊர் எது’, ‘ஊரில் எந்தத் தெரு’, ‘வீட்டில் சைவமா’ என்ற கேள்விகள் நட்பின் குரலில்தான் வருகின்றன. பெரியவர்கள் பேச்சை மாற்றிவிடலாம். ஏழு வயதுப் பிள்ளையிடம் அதே கேள்வியைச் சக மாணவன் கேட்டால், அதற்கான விடையை யார் கற்றுத்தருவது?

சட்டத்தின் நிலை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. கலிஃபோர்னியாவில் சாதியைத் தெளிவாகக் குறிப்பிடும் மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியும், இருக்கும் சட்டங்களே போதும் என்று கூறி 2023 அக்டோபரில் ஆளுநர் கெவின் நியூசம் அதை நிராகரித்தார். அதற்குச் சில நாள்களுக்கு முன்புதான் அம்மாநிலத்தின் ஃப்ரெஸ்னோ நகரம் தனியாகத் தடை விதித்திருந்தது. பிரிட்டனில், 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க அரசைக் கடமைப்படுத்தும் திருத்தம் 2013இல் வந்தது. 2018இல் அரசு அதைக் கைவிட்டு, நீதிமன்றத் தீர்ப்புகளே போதுமானவை என்றது. கனடாவில் டொரன்டோ மாவட்டப் பள்ளி வாரியம் 2023 மார்ச்சில் பள்ளிகளில் சாதிப் பாகுபாடு இருப்பதை ஏற்று, மாகாண மனித உரிமை ஆணையத்தின் உதவியை நாடியது. அவ்வாண்டு அக்டோபரில், ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம், வம்சாவளி, இனம், மதம் முதலிய நடப்பு வகைகளின் கீழ் சாதிப் பாகுபாடும் தடைக்குள்ளாகும் என்ற கொள்கை நிலைப்பாட்டை வெளியிட்டது. ஜெர்மனியின் 2006ஆம் ஆண்டுச் சமநடத்தைச் சட்டத்தில் சாதி என்ற சொல்லே இல்லை.

இந்த வரைபடம் தேவை. ஆனால் அது போதாது என்பதே நம் வாதம். சட்டத்தைக் கையில் எடுக்கும் வலிமையைத் தீர்மானிப்பது குடியுரிமைத் தகுதிதான். அமெரிக்காவில் எச்-1பி விசாவில் இருப்பவர் வேலையை இழந்தால், அறுபது நாள்களுக்குள் வேறு நிறுவனத்தையோ வேறு விசாவையோ கண்டடைய வேண்டும். இல்லையேல் வெளியேற வேண்டும். அவரைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் துணைவருக்கு, நிரந்தரக் குடியுரிமை நடைமுறை குறிப்பிட்ட கட்டத்தை எட்டும்வரை வேலை செய்யும் உரிமை இல்லை. பிள்ளைக்கு 21 வயதானால் அந்தச் சார்பு விசாவும் முடிந்துவிடும். எந்த நாட்டவருக்கும் ஏழு விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்ற உச்சவரம்பால், இந்தியர்கள் பச்சை அட்டைக்குப் பல ஆண்டுகள் வரிசையில் நிற்கிறார்கள். மேலாளரின் சாதிவெறி குறித்துப் புகார் எழுதும் பொறியாளர், அந்தக் கடிதத்தோடு தம் துணைவரின் வாழ்வையும் பிள்ளையின் படிப்பையும் பணயம் வைக்கிறார். சட்டம் புத்தகத்தில் இருந்தும் வாய் திறக்க முடியாத நிலை இதுவே.

கனடாவில் ‘எக்ஸ்பிரஸ் என்ட்ரி’ வழியே நிரந்தரக் குடியுரிமை பெற்று நுழைபவரோடு, துணைவரும் 22 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் அதே உரிமையுடன் நுழைய இயலும். அவர்கள் எந்த முதலாளிக்கும் கட்டுப்பட்டவர்கள் அல்லர். அங்கே புகார் அளிப்பவர் வேலையை இழக்கலாம். நாட்டை இழக்க மாட்டார். ஆனால் மாணவர் விசா வழியே செல்வோருக்கு வாசல் சுருங்கிவருகிறது. கனடா 2025 ஜனவரி முதல், பெரும்பாலும் 16 மாதங்களோ அதற்கு மேலோ நீளும் முதுநிலைப் படிப்பு, முனைவர் படிப்பு, சில தொழில்முறைப் படிப்புகளின் மாணவர்களது துணைவருக்கு மட்டுமே வேலை அனுமதி தருகிறது. பிரிட்டன் 2024 ஜனவரி முதல், ஆய்வுப் படிப்பு போன்ற சிலவற்றைத் தவிர, மாணவர்கள் குடும்பத்தை உடன் அழைத்துவருவதை நிறுத்திவிட்டது. அவ்வாண்டு மார்ச்சில் பராமரிப்புப் பணியாளருக்கும் அதே தடையை விதித்தது. வளைகுடா நாடுகளில் குடும்ப விசாவுக்கு ஊதிய வரம்பு உண்டு. நம் சேரிகளிலிருந்து கட்டட வேலைக்குச் செல்லும் தொழிலாளிக்கு, ‘எங்கே குடியேறுவது’ என்ற கேள்வியே வாய்ப்பதில்லை. குடும்பத்தோடு வாழ்வதும் ஒரு சலுகையாகிவிட்டதை, இதை விவாதிக்கும் படித்த நாம் மறக்கக் கூடாது.

அடுத்தது, எந்தப் பகுதியில் வீடு எடுப்பது என்பது. இந்தியர்கள் செறிந்த இடத்தை விலக்கிவிட்டால் போதும் என்று சிலர் கருதுகிறார்கள். அங்கே சாதி விசாரணை இராது. ஆனால் நிறவெறிக்கு முன் தனித்து நிற்க நேரும், பிள்ளைகளுக்குத் தமிழும் கைவிட்டுப் போகும். செறிந்த இடத்தில் உதவியும் உண்டு, விசாரணையும் உண்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது: அம்பேத்கரிய அமைப்புகள் இயங்கும் நகரத்தை நாடுவது. ஏப்ரல் 14 அன்று கூடும் சில குடும்பங்கள் இருக்கும் ஊரில், பிள்ளை தன் வரலாற்றை வெட்கமின்றிக் கேட்டு வளரும். சியாட்டிலில் சட்டம் வந்ததும் இப்படிப்பட்ட மனிதர்கள் மன்றத்தின் முன் நின்று சாட்சியம் அளித்ததால்தான்.

ஆகவே, புறப்படும் முன் நான்கு விடைகளைத் தேடுவோம். நாம் பெறும் விசா முதலாளியைச் சார்ந்ததா, நம்மைச் சார்ந்ததா? துணைவருக்கு வேலை செய்யும் உரிமை முதல் நாளே உண்டா? வேலையிடமும் வீடும் பள்ளியும் எந்த நகராட்சியின், எந்த வாரியத்தின் எல்லைக்குள் வருகின்றன. அங்கே புகாரை யாரிடம், எத்தனை நாளுக்குள் அளிக்க வேண்டும்? ஒன்டாரியோவில் அந்தக் கெடு ஓராண்டு. இறுதியாக, இரவில் தொலைபேசியில் அழைத்தால் வரக்கூடிய நம்மவர் அந்த ஊரில் யார்?

முதல் மூன்றில் ஏதேனும் குறைவாக இருக்கும் ஊரிலும் நம் மக்கள் வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். நான்காவதும் இல்லாத ஊருக்குப் போக நேர்ந்தால், அந்த ஊருக்கு அடுத்து வரும் குடும்பத்துக்கு அந்த ‘நம்மவராக’ நாம் இருப்போம்.