பிழையைத் தொடாதேங்கோ

1993இல் வந்த 'டூம்' கேம் இண்டைக்கும் ஓடுதெண்டால், 1997இல் அதன் சோர்ஸ் கோட் வெளியில் விடப்பட்டதும், அதை வைத்து சோர்ஸ் போர்ட்டுகளைச் செய்து பராமரிக்கிற ஆக்களும்தான் காரணம். ஆனால் புதுப் போர்ட் ஒண்டு வந்தால் நாங்கள் கேக்கிற முதல் கேள்வி: "கிராஃபிக்ஸ் எப்பிடி?"

'சொக்லேட் டூம்' பழைய டொஸ் பதிப்பின் பிழைகளைக்கூட அப்படியே வைத்திருக்கிறது. விசர் வேலை எண்டு நினைப்பீங்கள். இல்லை. டூமில் பதிவாகும் 'டெமோ' வீடியோ அல்ல. விளையாடியவர் கொடுத்த கட்டளைகள் மட்டுமே, செக்கனுக்கு 35 தடவை, அதில் இருக்கின்றன. கேம் அவற்றை வாசித்துத் திரும்ப விளையாடிக் காட்டும். அசைவுக் கணக்கில் ஒரு சின்னப் பிழையைத் திருத்தினாலும், அண்டைக்கு வெண்டவர் இண்டைக்குச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பார். சில சுவர்களோடு உரசி ஓடினால் வேகம் கூடுவதும் பிழைதான். வேக ஓட்டக்காரர்கள் சாதனை வைத்தது அதை நம்பித்தான்.

'ஜீஸெட்டூம்' போன்றவை தாராளமாய் அழகாக்கட்டும். அதுவும் வேலைதான். ஆனால் அழகாக்கிறவருக்கு மட்டும் கைதட்டிவிட்டு, பழசைப் பழசாய்க் காக்கிறவரைக் கண்டுகொள்ளாமல் விடுறது அநியாயம். அந்த ஆக்கள் கைவிட்டால், எத்தனையோ பேர் விளையாடின விளையாட்டு திறக்க ஏலாத கோப்பாய்த்தான் கிடக்கும்.