திங்கட்கிழமை மூணு மணிக்குக் கோயில் கேட்டைத் திறந்து வச்சா என்ன?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க. திட்டணும்னு நினைக்கிறவங்க இங்க கீழேயே திட்டலாம். வாட்ஸ்அப் குரூப்புல வேணாம், அங்க பொம்பளைங்க பெரியவங்க எல்லாம் இருக்காங்க.

போன கமிட்டி கூட்டத்துல நான் ஒரு விஷயம் கேட்டேன். திங்கட்கிழமை மத்தியானம் மூணுல இருந்து ஆறு வரைக்கும் கோயில் வெளிக்கேட்டையும் பக்கத்துத் திடலையும் திறந்து விடலாமான்னு. ஊர்ல இருந்து வந்து இங்க சாப்பாட்டுக் கடையில, முடிவெட்டுற கடையில வேலை செய்ற தம்பிங்களுக்காக. ஒருத்தர் சிரிச்சார். ஒருத்தர் "உனக்கு வேற வேலை இல்லையா?"ன்னார். கடைசியில "அடுத்த கூட்டத்துல பார்ப்போம்"னு முடிச்சிட்டாங்க. நம்ம கமிட்டியில அதுக்கு என்ன அர்த்தம்னு எல்லாருக்கும் தெரியும். அதான் இங்க எழுதுறேன்.

விஷயம் எப்படி ஆரம்பிச்சதுன்னா, ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு திங்கட்கிழமை, கோயில் தண்ணி பம்ப் ரிப்பேர்னு நான் மத்தியானமே போனேன். நீலாய்க்கும் லாபுவுக்கும் நடுவுல இருக்கிற நம்ம கோயிலுக்கு அந்த நேரத்துல யாரும் வரமாட்டாங்க. பன்னெண்டரைக்கு நடை சாத்தினா சாயந்திரம் ஆறுக்குத்தான் திறப்பு. கேட்டுக்கு வெளியே அரசமரத்தடியில ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். எனக்குத் தெரிஞ்ச பையன்தான். டவுன் கடையில தண்ணி கலக்குறவன். (ஊர்ல "தண்ணி"ன்னா வேற அர்த்தமாம். "தண்ணி கலக்குற வேலை"ன்னு போன்ல சொன்னதும் அவங்க அம்மா அழுதே விட்டாங்களாம்.) மன்னார்குடிப் பக்கம். வந்து பதினாலு மாசம் ஆகுது.

"என்னப்பா இங்க?"

"இன்னிக்கு லீவு அண்ணே. கேட்டு பூட்டியிருந்துச்சு, அதான் இங்கயே உட்கார்ந்துட்டேன்."

"எவ்வளவு நேரமா?"

"ரெண்டு, ரெண்டரை இருக்கும்."

மணி அப்போ நாலே முக்கால். ரூமுக்குப் போகலையான்னு கேட்டேன். கடைக்கு மேல மாடியில ஒன்பது பேர், ஜன்னலைத் திறந்தா சமையல் புகை. "பகல்ல அங்க படுத்தா ஊர் ஞாபகம் வருது அண்ணே, இங்கன்னா காத்தாவது வருது"ன்னான். பேச்சு கொடுத்துப் பார்த்தா பையன் ஊர்ல நல்ல வாலிபால் ஆட்டக்காரன். பொங்கலுக்கு ஊர் ஊரா போய் ஆடி, கப்பு வாங்கின டீம். இங்க வந்து பந்தையே தொடலையாம்.

அப்புறம் அவன் ஒண்ணு சொன்னான். குறையா சொல்லல, சாதாரணமாத்தான் சொன்னான். "கடையை விட்டா எனக்கு இந்தக் கோயில் ஒண்ணுதான் தெரியும் அண்ணே. திருவிழாவுக்கு மூணு நாள் வந்தேன். ஒரு நாள் கூட்டுக்கு வெட்டினேன், ஒரு நாள் சட்டி கழுவினேன், ஒரு நாள் பந்தல் பிரிச்சேன்."

அந்த மூணு நாளும் அவனுக்கு வேலை பிரிச்சுக் கொடுத்தது யாருன்னு கேக்குறீங்களா? நான்தான். ஊர்க்காரத் தம்பிங்களைப் பார்த்தா எனக்கு உடனே நாலு கை கிடைச்ச மாதிரி இருக்கும். "தம்பி, இந்த மூட்டையைக் கொஞ்சம் தூக்கு. தம்பி, டேவானைக் கூட்டிடு." நம்ம பையனுங்களைக் கேட்டா போனைப் பார்த்துக்கிட்டே "வரேன் அங்கள்"னுவானுங்க, வரமாட்டானுங்க. இவன் வருவான். ஒரு தடவை நம்ம கோயில் பாட்டி ஒருத்தங்க என்னைப் பார்த்து, "ஏம்ப்பா, அந்தப் பையன் சாமி கும்பிட வந்தானா, சம்பளமில்லாம ஓட்டி செய்ய வந்தானா?"ன்னு கேட்டாங்க. அப்போ சிரிச்சிட்டுப் போயிட்டேன். அன்னிக்கு அரசமரத்தடியில சிரிப்பு வரல.

இப்ப கமிட்டியில கேட்ட கேள்விகளுக்கு வரேன்.

"ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வர்றப்ப வந்துட்டுப் போகட்டுமே, எதுக்குத் தனியா?" கேட்டவருக்குச் சாப்பாட்டுக் கடை வேலை தெரியாது போல. ஞாயிற்றுக்கிழமை நாம எல்லாரும் குடும்பத்தோட வாழையிலை சாப்பாட்டுக்குப் போறோம். அங்க சோறு போடுறது யாரு? அவங்களுக்கு லீவுன்னா திங்கள், செவ்வாய்தான், அதுவும் கொடுக்கிற முதலாளி கொடுத்தா. 1955-ம் வருஷத்து வேலைச் சட்டத்துல வாரத்துக்கு ஒரு முழு நாள் ஓய்வுன்னு இருக்கு. 2023 ஜனவரியில இருந்து வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை நேரம்னும் ஆயிடுச்சு. சட்டம் ஊர்க்காரனுக்கும் சேர்த்துத்தான். ஆனா அந்த ஒரு நாள் கிடைச்சாலும் போறதுக்கு ஓர் இடம் வேணும்ல? நம்ம கோயில் பூட்டியிருக்கிற நேரமும் அவங்களுக்கு லீவு கிடைக்கிற நேரமும் சரியா ஒண்ணா வருது. யாரும் வேணும்னு செய்யல. யாரும் கவனிக்கல, அவ்வளவுதான்.

"போன் இருக்கே, தினமும் வீட்டுக்கு வீடியோல பேசுறானுங்களே, நம்ம தாத்தா காலம் மாதிரியா?" இதை ரெண்டு பேர் சொன்னாங்க. நானும் முன்னாடி அப்படித்தான் நினைச்சேன். அந்தப் பையன் ராத்திரி பன்னெண்டு மணிக்குக் கடை சாத்திட்டு அம்மாகிட்ட பேசுறான், தங்கச்சி கல்யாணச் செலவு பேசுறான், ஊர்ல மழையான்னு கேக்குறான். பதினாலு மாசமா மனசு மன்னார்குடியிலதான் இருக்கு. லாபு எந்தப் பக்கம்னு கேட்டா தெரியல. கொம்யூட்டர்ல ஏறி சிரம்பான் போனது ஒரே தடவை. வந்த புதுசுல யாரோ "பசியாறியாச்சா?"ன்னு கேட்டதுக்கு, நமக்குப் பசிக்கிறது இவருக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு முழிச்சானாம். அதைச் சொல்லிச் சிரிக்கக்கூட இங்க அவனுக்கு ஓர் ஆள் இல்ல, ரெண்டு மாசம் முன்னாடி என்கிட்டதான் முதல் தடவை சொன்னான்.

நம்ம தாத்தா காலத்தைப் பத்திப் பேசினதால அதையும் கொஞ்சம் பேசுவோம்.

1907-ல தமிழர் குடியேற்ற நிதின்னு ஒரு சட்டம் போட்டாங்க. தோட்ட முதலாளிங்க ஆளுக்கு இவ்வளவுன்னு கட்டின பணத்துல கப்பல் செலவு பார்த்து, கங்காணி மூலமா ஆள் கொண்டு வந்தாங்க. ஆவடியிலயும் நாகப்பட்டினத்துலயும் டிப்போ இருந்தது. 1938-ல இந்திய அரசாங்கம் அந்த மாதிரி ஆள் அனுப்புறதை நிறுத்தற வரைக்கும் இப்படித்தான் வந்தாங்க. எங்க கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்துல ஏறினவர். நம்மள்ல பாதிப் பேர் வீட்டுக் கதை இதுதான்.

வந்தவங்களுக்குக் கம்பெனி என்ன கொடுத்துச்சு? லயத்துல ஒரு அறை, அரிசி, காலையில அஞ்சு மணிக்குப் பெரட்டு, பொழுது சாய்ஞ்சா கள்ளுக்கடை. கித்தாக் காட்டுல வெட்டி முடிச்சு வந்தவனுக்கு மீதி நேரத்துல செய்யறதுக்குன்னு நிர்வாகம் தந்தது கள்ளுக்கடைதான். மத்ததெல்லாம் நம்ம ஆளுங்களே உண்டாக்கிக்கிட்டது. மாரியம்மன் கோயிலு, எல்லையில முனியாண்டி, சனிக்கிழமை பஜனை, திருவிழாவுக்கு விடிய விடிய நாடகம், லயத்துக்குப் பின்னாடி முருங்கையும் கருவேப்பிலையும், திடல்ல பந்து. எங்க பாட்டி சொல்லும்: அவங்க மாமனார் வந்த புதுசுல யார்கூடவும் பேசமாட்டாராம், வேலைக்குப் போவார், வந்து படுப்பார். பஜனையில மிருதங்கம் அடிக்க ஆள் இல்லன்னு தெரிஞ்சதும், "எனக்குத் தெரியும்"னு எழுந்தாராம். அன்னிக்குத்தான் லயத்துக்கே அவர் குரல் எப்படியிருக்கும்னு தெரிஞ்சுதாம். அதுக்கப்புறம்தான் ஊருக்குப் போற பேச்சையும் விட்டார்.

இன்னொண்ணு. 1941-ல பக்கத்து மாநிலத்துல, கிள்ளான் தோட்டங்கள்ல, பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆர்.எச். நாதன் முன்ன நின்னார், அவரைப் பிடிச்சு நாடு கடத்தினாங்க. பட்டாளம் வந்து சுட்டதுல உயிரும் போச்சு. அதுல கேட்ட கோரிக்கைகளைப் படிச்சுப் பாருங்க. கூலி இருக்கு, ஆஸ்பத்திரி இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு. கூடவே கள்ளுக்கடையை மூடுன்னு இருக்கு. சொந்தக்காரங்க, சிநேகிதங்க தோட்டத்துக்குள்ள வந்து போக விடுன்னு இருக்கு. துரையைப் பார்த்தா, கிராணியைப் பார்த்தா சைக்கிளை விட்டு இறங்கணும்கிற வழக்கத்தை நிறுத்துன்னு இருக்கு. அடி வாங்கிக்கிட்டு, பட்டினி கிடந்து போராடினவங்க வேலை முடிஞ்ச பிறகு உள்ள நேரத்துக்காகவும் போராடினாங்க. யார் வீட்டுக்கு யார் வரலாம், சாயந்திரம் எங்க போய் நிக்கலாம், சைக்கிள்ல எப்படிப் போகலாம்னு தாங்களே முடிவு பண்ணணும்னு கேட்டாங்க. அவங்க பேரப்பிள்ளைங்க நாம, கேட்டைப் பூட்டி சாவியை இடுப்புல சொருகிக்கிட்டு நிக்கிறோம்.

நம்ம நெகிரிக்காரங்களுக்கு இதைச் சொல்லித்தரவும் வேண்டியதில்ல. மினாங்கபாவ் மக்கள் பல நூறு வருஷத்துக்கு முன்னாடி சுமத்ராவுல இருந்து வந்தவங்க. பிழைக்க ஊரை விட்டுப் போறதுக்குன்னே "மெரந்தாவ்"னு அவங்களுக்கு ஒரு சொல் இருக்கு. இங்க உள்ள சுக்கு பேர்களைப் பாருங்க: பாயாகும்பு, தானா டாத்தார், பத்து ஹம்பார். எல்லாம் அந்தக் கரை ஊர்ப் பேருங்கதான். கோலப்பிலா பக்கம் என்கூட வேலை செஞ்ச மலாய்க்கார நண்பர்கிட்ட இந்தப் பையன் கதையைச் சொன்னேன். "கேட்டைத் திறந்து விடு, இதுக்கு மீட்டிங் எதுக்கு?"ன்னார்.

சரி, பயப்படுற விஷயத்துக்கு வருவோம். "இமிகிரேஷன் வந்தா யார் பதில் சொல்றது?" இது நியாயமான கேள்வி, நான் தட்டிக்கழிக்க மாட்டேன். கோயில் பேர்ல பிரச்சினை வரக்கூடாது. விளையாட வர்றவங்க பெர்மிட் காப்பியைக் கையில வச்சிருக்கட்டும், ஒரு நோட்டுல பேர் எழுதிக்கட்டும். பாஸ்போர்ட் முதலாளிகிட்ட இருக்குன்னு சில பேர் சொல்றாங்க. ஒருத்தர் பாஸ்போர்ட்டை இன்னொருத்தர் பிடிச்சு வச்சுக்கிறது 1966-ம் வருஷத்து பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். கடை நடத்துற நம்ம அன்பர்கள் சில பேர் இதைப் படிப்பாங்கன்னு தெரிஞ்சுதான் எழுதுறேன். பெர்மிட் முடிஞ்சு போன பையனை என்ன செய்யறதுன்னு கேட்டா என்கிட்ட நல்ல பதில் இல்ல. திடல்ல சேர்க்க முடியாது. அதைச் சொல்லவே எனக்கு வாய் வரல. சாமி கும்பிட வந்தா மட்டும் யாரையும் எதுவும் கேக்கப்போறதில்ல, அதுல எனக்குக் கமிட்டி உத்தரவு தேவையில்ல.

குடிச்சிட்டு வருவானுங்கன்னு ஒரு பேச்சு. நம்ம திருவிழாவுல குடிச்சிட்டு உருமி மேளத்துக்கு முன்னாடி ஆடினவங்க எந்த ஊர்க்காரங்கன்னு நான் பேர் சொல்ல ஆரம்பிச்சா நல்லா இருக்காது. தண்ணி பில்லு, கக்கூஸ் கழுவுறது பத்தி ரொம்ப நேரம் பேசினாங்க. கழுவுற வேலையை நான் எடுத்துக்கிறேன், அந்தப் பேச்சு முடிஞ்சது.

உண்மையில மனசுல இருக்கிறது வேற. கூட்டம் முடிஞ்சு வெளிய வந்தப்ப ஒரு பெரியவர் என் தோள்ல கை வச்சுச் சொன்னார்: "நம்ம பிள்ளைங்களே வரமாட்டேங்குதுங்க. நாளைக்கு இது ஊர்க்காரன் கோயிலாயிடும்டா." அவர் மேல எனக்குக் கோபம் இல்ல. அந்தத் திடல்ல அவர் பந்து விளையாடினதை நான் சின்னப் பிள்ளையில பார்த்திருக்கேன். மூணு டிவிஷன் ஜனமும் கரையில நிக்கும். இப்ப தோட்டம் செம்பனையாகி, பாதி தாமானாகி, பிள்ளைங்க சிரம்பான், செனவாங்னு போயாச்சு. லயம் இருந்த இடத்துல லாரி நிக்குது. திடல்ல முழங்கால் உயரம் புல். அவருக்கு வலிக்குது. ஆனா ஐயா, அந்தத் திடல்ல பந்து சத்தம் கேட்டு எவ்வளவு வருஷம் ஆச்சு? மோட்டார்ல போற நம்ம பையன் நாலு பேர் ஒரு ஆட்டத்தைப் பார்த்தா நிக்கமாட்டானா? நம்ம ஆளுங்க பறை, உருமி கத்துக்கிட்டது யார்கிட்ட? அந்தந்தக் காலத்துல புதுசா கப்பல்ல வந்து இறங்கினவன்கிட்டத்தானே.

இந்தத் தம்பிங்க எல்லாரும் இங்கேயே தங்கப்போறதில்ல. ரெண்டு வருஷமோ நாலு வருஷமோ பெர்மிட் உள்ள வரைக்கும்தான். அதுக்குள்ள எதுக்கு இவ்வளவுன்னு கேக்கலாம். இருபத்து மூணு வயசுல நாலு வருஷம்னா என்னன்னு உங்களுக்கு மறந்து போச்சா?

நான் கேக்குறது பெருசா ஒண்ணுமில்ல. வாரத்துக்கு மூணு மணி நேரம், வெளிக்கேட்டு மட்டும். கருவறைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. சாவி என் பொறுப்பு. இன்னொரு விஷயம், இது எனக்கு நானே சொல்லிக்கிறது: அந்த மூணு மணி நேரத்துல எவனையும் "தம்பி, இதைக் கொஞ்சம் தூக்கு"ன்னு கூப்பிடக்கூடாது. அரிசி மூட்டை வந்தா நாமளே இறக்கிக்குவோம்.

அடுத்த கூட்டம் வர்ற ஞாயிறு காலை பூஜைக்கப்புறம். உறுப்பினர்கள் தயவுசெஞ்சு வாங்க, எதிர்த்துப் பேசுறதா இருந்தாலும் வந்து பேசுங்க. நெட்டு நான் வாங்கிட்டேன், பாசார் மாலாம்ல 35 வெள்ளி, யார்கிட்டயும் வசூல் பண்ணல. புல் வெட்டுற மெஷின் ஒருத்தர் தரேன்னிருக்கார். கம்பம்தான் இல்ல. பழைய இரும்புக் குழாய், பத்தடிக்குக் குறையாம, ரெண்டு யார் வீட்டுலயாவது கிடந்தா சொல்லுங்க, நானே லாரியில வந்து எடுத்துக்கிறேன்.