சுவர் விலகினால் விந்தையும் விலகும்

நானோமீட்டர் இடுக்குகளில் நீர் விந்தையாக நடந்துகொள்வதால், மூலக்கூறுகள் நிலையான ஒழுங்கில் அமைந்தது எனச் சொல்லிக் குப்பிகளில் விற்கப்படும் ‘கட்டமைக்கப்பட்ட நீரும்’ உண்மையே என்னும் வாதம், பாதி உண்மையின் மேல் முழுப் பொய்யைக் கட்டுகிறது. மின்புலத்துக்கு ஏற்ப மூலக்கூறுகள் திரும்பும் திறனைக் காட்டும் மின்காப்பு மாறிலி, சாதாரண நீரில் ஏறத்தாழ 80 ஆக இருக்க, ஒரு நானோமீட்டர் இடுக்கில், சுவருக்குச் செங்குத்தான திசையில், அது 2 அளவுக்குச் சரிவதை மான்செஸ்டர் ஆய்வாளர்கள் 2018இல் அளந்து காட்டினர். ஆனால் அது மூலக்கூறுகளைத் திரும்பவிடாத சுவர்களின் வேலையே அன்றி, நீர் தன்னுடன் எடுத்துச் செல்லும் குணம் அன்று. சுவரின் பிடி எட்டாத குப்பி நீரில், மூலக்கூறுகளைக் கோக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் ஒரு விநாடியின் இலட்சம் கோடியில் சில பங்கு நேரத்திலேயே அறுந்து வேறாகக் கூடும்போது, எந்தக் கட்டமைப்பு நிலைக்கும்? இத்தகைய மயக்கம் புதிதும் அன்று: நுண்குழாய்களில் உருவாகும் புதுவகை நீர் என 1960களில் பேசப்பட்ட ‘பாலிவாட்டர்’ வெறும் மாசின் விளைவே என்பதை, அதை முன்னின்று ஆராய்ந்த சோவியத் அறிவியலாளர் டெர்யாகினே 1973இல் ஒப்புக்கொண்டார்.