கள்ளி தானா சாகாது, நாமதான் தண்ணி ஊத்திக் கொல்றோம்

லண்டனுக்குப் படிக்க வர்ற நம்ம ஊர்ப் பசங்க அறையில மூணு பொருள் அனேகமா இருக்கும். ஒரு பிரஷர் குக்கர், அம்மா கட்டிக் கொடுத்த ஊறுகாய், அப்புறம் ஜன்னல் திட்டுல ஒரு குட்டிக் கள்ளிச் செடி. முதல் ரெண்டும் எப்படியோ தாக்குப் பிடிச்சுடும். மூணாவதுக்கு கிறிஸ்துமஸ் சமயத்துல பழுப்புப் புள்ளி விழும், ஜனவரியில ஒரு பக்கமா சாயும், பிப்ரவரியில குப்பைத் தொட்டிக்குப் போகும். "பாவம், பாலைவனச் செடி, இந்த ஊர்க் குளிர் தாங்கலை" அப்படின்னு ஒரு தீர்ப்பும் எழுதிடுவாங்க.

அந்தத் தீர்ப்பு தப்புங்கிறது என் கட்சி.

மண்ணு மட்டும் காய்ஞ்சிருந்தா, 8, 10 டிகிரி குளிர்ல பல வகைக் கள்ளிகள் நிம்மதியாத் தூங்கும். மழையும் காரணம் இல்ல. சென்னையில வருஷத்துக்கு சுமார் 1400 மி.மீ. மழை, லண்டன்ல சுமார் 600தான். இங்க குறையுறது வெளிச்சம். டிசம்பர் கடைசியில லண்டன்ல பகல் 8 மணி நேரம் கூட இல்ல. உச்சி நேரத்துலயும் சூரியன் 15 டிகிரி உயரத்தைத் தாண்டாது. அதே நாள் சென்னையில 11 மணி நேரத்துக்கு மேல பகல், சூரியன் 53 டிகிரி உயரத்துல நிக்கும். வெளிச்சம் இல்லாட்டி செடி வளராது, வளராட்டி தண்ணி குடிக்காது. நாம வாராவாரம் ஊத்துற தண்ணி அப்படியே மண்ணுல நிக்கும், வேர் அழுகும். குளிர் மேல பழி!

"கள்ளிக்கு சாவே கிடையாது"ங்கிற நம்பிக்கை நம்ம ஊர்ல இருந்தே கூட வருது. ஆனா வேலியோரம் பார்த்த சதுரக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் கேக்டஸே இல்ல. ஒடிச்சா பால் வருமே, அது ஆமணக்கு, மரவள்ளி குடும்பம். சப்பாத்திக்கள்ளிதான் உண்மையான கேக்டஸ், அதுவும் அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்தது. அதோட கதை தெரியுமா? 1795ல சிவப்புச் சாயம் எடுக்கலாம்னு பிரேசில்ல இருந்து ஒரு பூச்சியை இந்தியாவுக்குக் கொண்டு வந்தாங்க. வந்தது அவங்க நெனச்ச நல்ல சாயப் பூச்சி இல்ல, அதோட சொந்தக்காரப் பூச்சி. சாயம் சரியா வரல, கள்ளி செத்துச்சு. அப்புறம் 1926ல, அதே இனத்துல இன்னொரு பூச்சியை இலங்கையில இருந்து தென்னிந்தியாவுக்குக் கொண்டு வந்து, நிலத்தை ஆக்கிரமிச்சிருந்த இன்னொரு வகை சப்பாத்திக்கள்ளியை ஒடுக்கினாங்க. சுண்டு விரல் நகத்தை விடச் சின்னப் பூச்சி! கள்ளிக்கும் உயிர் இருக்கு சாமி, போகவும் செய்யும்.

சரி, புள்ளி விஷயத்துக்கு வருவோம். பழுப்புப் புள்ளி வந்தா உடனே மருந்து வாங்க ஓடாதீங்க. மூணே கேள்வி: புள்ளி கெட்டியா, மெத்துன்னு இருக்கா? எந்த இடத்துல இருக்கு? பரவுதா? தொட்டுப் பார்க்க விரல் வேண்டாம், பென்சிலோட பின்பக்கம் போதும். பரவுதான்னு தெரிய இன்னிக்கு ஒரு போட்டோ, பத்து நாள் கழிச்சு ஒரு போட்டோ.

1. அடியில இருந்து மேல ஏறுது, மரப்பட்டை மாதிரி கெட்டியா இருக்கு: வயசாகுது, அவ்வளவுதான். தண்டு தக்கை மாதிரி இறுகுறது இயற்கை. கியூ தோட்டத்துல 1987ல திறந்த பிரின்சஸ் ஆஃப் வேல்ஸ் கண்ணாடி மாளிகைக்குள்ள கள்ளிகள் இருக்கு. போனா பூவை மட்டும் பார்க்காம அடித்தண்டையும் பாருங்க. இதுக்கு வைத்தியம் எதுவும் வேண்டாம்.

2. வெயில் படுற பக்கம் மட்டும் முதல்ல வெளுத்து, அப்புறம் பழுப்பாகி காய்ஞ்சிருக்கு: வெயில் சுட்டிருக்கு. குளிர்காலம் முழுக்க இருட்டுல இருந்த செடியை மே மாசம் திடீர்னு பால்கனியில வச்சா இதுதான் நடக்கும். தழும்பு போகாது, செடியும் சாகாது. ரெண்டு வாரம் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமா வெயிலுக்குப் பழக்கணும்.

3. பொடிப் பொடியாத் துரு மாதிரி, அதுவும் நுனியில இருக்கு: சிவப்புச் சிலந்திப் பேன். ஹீட்டருக்கு மேல உள்ள ஜன்னல் திட்டோட காய்ஞ்ச சூடு அதுக்கு ரொம்பப் பிடிக்கும். செடிக்குக் கீழ வெள்ளைக் காகிதம் வச்சுத் தட்டுங்க. விழுந்த புள்ளி நகர்ந்தா அதேதான். மத்த செடிகள்ல இருந்து பிரிச்சு வச்சு, தாவர எண்ணெய் கலந்த பூச்சி மருந்தை அட்டையில போட்டிருக்கிற அளவுல அடிக்கணும். அடிச்ச கையோட வெயில்ல வைக்காதீங்க.

4. மெத்துன்னு, ஈரமா, கருத்துப் போய், நாளுக்கு நாள் பரவுது: அழுகல். இதுக்குத்தான் அவசரம். சுத்தமான கத்தியால, உள்ள பழுப்பே தெரியாத இடம் வரைக்கும் வெட்டணும். நல்ல பாகத்தை ரெண்டு வாரமாவது நிழல்ல காய விட்டு, வெட்டுக்காயம் ஆறினப்புறம் காய்ஞ்ச மண்ணுல வைக்கணும். நடு வரைக்கும் பழுப்பு ஏறியிருந்தா கைவிட்டுட வேண்டியதுதான்.

இப்ப தடுப்புக்கு வருவோம். இதுல எனக்குக் கடைக்காரங்க மேலதான் கோபம். "பராமரிப்பே வேண்டாம்"னு சொல்லி, அடியில ஓட்டையே இல்லாத பீங்கான் கப்புல, மேல கூழாங்கல்லை பசை போட்டு ஒட்டி விக்கிறாங்க. தண்ணி வெளிய போகவும் வழியில்ல, மண்ணு காஞ்சிருக்கான்னு பார்க்கவும் வழியில்ல. இப்படி வித்தா செடி சாகத்தான் செய்யும், நாமளும் இன்னொண்ணு வாங்குவோம். நல்ல வியாபாரம் :-) வாங்கின வாரமே கல்லைப் பேர்த்து, ஓட்டை உள்ள தொட்டிக்கு மாத்துங்க. பாதி மண்ணு, பாதி பொடிக்கல். தொட்டி அளவு செடியை விட ஒரு விரல்கடை அகலமா இருந்தா போதும்.

ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் ஊத்தினா நல்லா நனையுற மாதிரி ஊத்தி, தட்டுல நிக்கிற தண்ணியைக் கொட்டிடணும். அடி மண்ணு வரைக்கும் காஞ்சப்புறம்தான் அடுத்த தடவை. தொட்டியைக் கையில தூக்கிப் பார்த்தா எடையிலயே தெரிஞ்சுடும். அக்டோபர்ல குறைக்கணும். நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு இருக்கணும். ஹீட்டர் ஓடுற அறையில செடி ரொம்பச் சுருங்கினா மாசத்துக்கு ஒரு வாய் தண்ணி. இருக்கிறதுலயே வெளிச்சமான ஜன்னல்ல வைங்க. ராத்திரி திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு, கண்ணாடியில வழியிற ஈரம் செடி மேல படாமப் பார்த்துக்குங்க.

"ரெண்டு மாசம் தண்ணியே இல்லாம செத்துடாதா?"ன்னு மனசு கேக்காது. நம்ம வளர்ப்பு அப்படி. வந்தவங்களுக்கு சாப்பாடு போட்டாத்தான் அன்புன்னு பழகியிருக்கோம். ஆனா ஒரு கணக்கு இருக்கு. தாகத்துல சுருங்கின கள்ளி, வசந்தத்துல ஒரு குவளை தண்ணியில திரும்ப உப்பிடும். அழுகின வேர் எத்தனை குவளை ஊத்தினாலும் வராது. முதல் தப்புக்குப் பரிகாரம் உண்டு, ரெண்டாவதுக்குக் கிடையாது. சந்தேகம் வந்தா ஊத்தாதீங்க.

பராமரிப்புன்னா ஏதாவது செஞ்சுக்கிட்டே இருக்கணும்னு இல்ல. வாரத்துக்கு ஒரு தடவை தொட்டியைத் திருப்பி நாலு பக்கமும் பார்த்தா அதுவும் பராமரிப்புதான். படிப்பு முடிஞ்சு ஊருக்குக் கிளம்புறப்ப குப்பையில போடாம, அடுத்து வர்ற பையனுக்கோ பொண்ணுக்கோ கொடுத்துட்டுப் போங்க. குக்கரோட சேர்த்துக் கொடுத்தா இன்னும் சந்தோஷப்படுவாங்க.