கஜமுத்தும் மரை வற்றலும்

யானைக் கொம்பிலே முத்துப் பிறக்கும் என்பது நம் புலவர்கள் வழிவழியாகப் போற்றிவந்த கற்பனைகளுள் ஒன்று. கல்லூரியிலே இலக்கியம் பயின்ற காலத்தில் அதனைக் கேட்டுச் சுவைத்தோம், பரீட்சையிலும் எழுதினோம். அக்கற்பனை விலைபோகும் சரக்காக இந்நாட்டிலே உலவுகின்றது என்பதை அப்பொழுது நாம் அறிந்திலோம். கஜமுத்து என்னும் பெயரால் விற்கப்படுவது, கொம்பின் உட்குழியிலுள்ள மெல்லிழையம் இறுகுவதால் உண்டாகும் சிறு மணியேயாம். அதனைப் பெட்டகத்தில் வைத்தாற் செல்வம் பெருகும், பதவி உயரும் என நம்புவார் உளர். அம்மணியை யானை தானாக ஈவதில்லை. 2017 ஆம் ஆண்டின் இறுதியிலே கல்கமுவப் பகுதியில், இரு தந்தங்களும் குறுக்காகப் பொருந்தி நின்றமையால் ‘தள பூட்டுவா’ என மக்கள் அழைத்து வந்த கொம்பன் கொல்லப்பட்டபோது, கொலைஞர் நாடியது தந்தத்தை மாத்திரமன்று, இம்முத்தையுந்தான் எனச் செய்தி வந்தது. இலங்கையின் ஆண் யானைகளுள் நூற்றுக்குப் பத்துத்தானும் கொம்புடையனவல்ல என்பதை அறிந்தோர்க்கு அச்செய்தியின் கனம் விளங்கும்.

இத்தகைய கொலை நிகழுந்தோறும் வேட்டைக்காரனைக் கடுமையாகத் தண்டிக்க வேண்டும் என்று நாம் கொதிப்பது வழக்கம். அவனுக்காகப் பரிந்துபேச நாம் இங்கு முன்வரவில்லை. 1937 ஆம் ஆண்டு தொட்டே வனவிலங்குகளைக் காக்கும் கட்டளைச் சட்டம் இந்நாட்டில் இருந்து வருகின்றது. ஆயினும் சட்டத்தின் கையிலே எளிதில் அகப்படுபவன், துவக்கோடு காட்டில் நிற்கும் ஏழையே. அவன் கொன்ற பொருளை ஈற்றிலே பெறுபவர் காட்டையே கண்டறியாதவர், படித்தவர், ஊரிலே மதிப்புடையவர், ஒளியாது கூறின், நம் போன்றவர். கொல்பவனையும் விற்பவனையும் இயக்குவது உண்பவனுடைய விருப்பமே என்னும் நியாயத்தை வள்ளுவர் புலான்மறுத்தல் அதிகாரத்திலே வைத்திருக்கின்றார். அதனை மனனஞ் செய்து பரிசு பெற்றவர்கள் இம்மலரை வாசிப்போருட் பலராவர்.

வாங்குபவர் பொருளோடு சேர்த்துக் கௌரவத்தையும் வாங்குகின்றார். அக்கௌரவம் நீங்கினாலன்றி விலை விழாது. 2012 ஆம் ஆண்டிலே கென்யாவிலிருந்து துபாய்க்குச் சென்றுகொண்டிருந்த தந்தங்கள் கொழும்புத் துறைமுகத்தில் கைப்பற்றப்பட்டன. அவற்றை வழிபாட்டுத் தலமொன்றுக்கு வழங்கலாம் என்ற யோசனையும் ஒருகால் எழுந்தது. நல்ல வேளையாக அஃது ஈடேறவில்லை. 2016 சனவரி 26 ஆம் நாள் காலிமுகத்திடலிலே, 359 தந்தங்கள், ஏறக்குறைய ஒன்றரைத் தொன் நிறையுடையன, யாவருங் காண இயந்திரத்தாலே நொறுக்கப்பட்டன. இறந்த யானைகளுக்காக இரு நிமிட மௌனமும் அனுட்டிக்கப்பட்டது. இத்துணைப் பெறுமதியான பொருளை வீணாக்கலாமா என அன்று கேட்டவர் உண்டு. ஆலயத்தில் வைத்த தந்தம் அழகிய தந்தமாகவே தோன்றியிருக்கும். அதனைக் கண்டு தொழுதவர் தம் வீட்டிலும் ஒன்று இருந்தால் நன்றென எண்ணியிருப்பர். நொறுக்கியதே தகும் என்பது எம் துணிபு.

சமயத் தலைவரின் ஒரு சொல் இவ்விடயத்தில் எவ்வளவு செய்யும் என்பதற்குத் திபெத்தியரின் வரலாறு சான்றாகும். இந்தியாவிலே கொல்லப்பட்ட புலிகளின் தோல்கள் நேபாளத்தின் வழியாகத் திபெத்துக்குக் கடத்தப்பட்டு, செல்வர்கள் திருவிழாக்களிலே அணியும் அங்கிகளுக்குக் கரையாகத் தைக்கப்பட்டு வந்தன. 2006 ஆம் ஆண்டு சனவரியில் ஆந்திர தேசத்து அமராவதியிலே நடைபெற்ற காலசக்கர விழாவில் தலாய் லாமா தம் மக்களைப் பார்த்து, இவ்வழக்கத்தைக் கைவிடுங்கள் என வேண்டிக்கொண்டார். சில வாரங்களுள்ளே திபெத்தின் ஊர்களில் மக்கள் விலையுயர்ந்த அங்கிகளை வீதியிலே குவித்துத் தீயிட்டனர். எந்தச் சுங்க அதிகாரியும் சாதிக்காததை அவ்வொரு வேண்டுகோள் சாதித்தது. யேமன் நாட்டிலும் 1990 களிலே தலைமை முப்தி, குத்துவாட்பிடிக்காகக் காண்டாமிருகத்தைக் கொல்லுதல் இறைவனுக்கு ஒவ்வாதது எனத் தீர்ப்புரைத்தார். எருமைக் கொம்பாலாகிய பிடிகள் அங்கே பெருகின. நாட்டின் வறுமையும் அதற்கொரு காரணம் என்பதை மறைக்கவேண்டியதில்லை.

நம் மடங்களிலிருந்தும் ஆலயங்களிலிருந்தும் இத்தகைய ஒரு சொல் எழக்கூடாதா? எழுமாயின் உடனே ஒரு தடை கூறுவார் இருப்பர்: சிவபெருமானே புலித்தோலுடுத்து யானைத் தோலைப் போர்த்தவரன்றோ? தாருகாவனத்து முனிவர் தம்மைக் கொல்ல ஏவிய புலியைப் பெருமான் உரித்தார். கடையிலே விலைபேசி வாங்கினாரல்லர். குழந்தையின் கழுத்திலே புலிப்பல் கட்டினால் அச்சம் அணுகாது என்னும் நம்பிக்கைக்கு எந்த ஆகமத்திலும் இடமுண்டென எமக்குத் தோன்றவில்லை. நம் நாட்டிலே அப்பல் சிறுத்தையின் பல்லேயாகும். இலங்கைச் சிறுத்தையோ இத்தீவின்றி வேறெங்கும் இல்லாத இனம். பாட்டியாரின் பேழையிலே கிடக்கும் பழைய பதக்கத்தை எறிந்துவிடுமாறு நாம் கூறவில்லை. புதிதாக ஒன்று செய்வித்துத் தருவதாகப் பொற்கொல்லர் சொல்லுமிடத்து, வேண்டாம் என்று எழுந்து வருதல் வேண்டும்.

புலிப்பல்லும் கஜமுத்தும் எம்மைச் சாரா என்று சிலர் ஆறுதலடையலாம். அவர்களை மரை வற்றல் பற்றிக் கேட்க விரும்புகின்றோம். வன்னிக்கு உத்தியோகமாகச் செல்வோர் விடுமுறைக்கு வருகையில் பொட்டலமொன்று கொண்டுவருவதும், வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர்க்கு அதனைப் பொரித்து வைப்பதும் உபசாரத்தின் உச்சமாக நம் வீடுகள் சிலவற்றிலே கருதப்படுகின்றன. சைவபோசனம் உண்பதாகச் சொல்லிக்கொள்ளும் வீடுகளிலும் இது புறக்கதவால் வருவதுண்டு! மானும் மரையும் சட்டத்தாற் காக்கப்பட்டவை. அவற்றை விற்றலும் குற்றமாகும். மேலும், இறைச்சிக்காகக் காட்டோரத்தில் இடப்படுங் கம்பிச் சுருக்கு ஆளறிந்து பிடிப்பதில்லை. 2020 ஆம் ஆண்டு மே மாதத்திலே நல்லதண்ணிப் பகுதியில் அரிய கருஞ்சிறுத்தையொன்று அத்தகைய சுருக்கில் அகப்பட்டு, மீட்கப்பட்டும், சில நாளில் இறந்தது.

அன்போடு கொண்டுவந்ததைத் திருப்பிக் கொடுத்தல் மரியாதைக் குறைவன்றோ எனில், முதன்முறை சங்கடமாகவே இருக்கும். காரணத்தை முகத்துக்கு நேரே இனிமையாகச் சொல்லிவிட்டால், அடுத்த விடுமுறைக்கு அவர் ஒரு போத்தல் தேன் கொண்டுவருவார்.