கடைக்கு ஆள் வேண்டுமானால் ஆளுக்கு வீடு வேண்டும்

கடைக்கு ஆள் கிடைக்கவில்லை என்பது சென்னை பாரிமுனை வணிகர்கள் பலரும் சொல்லும் குறை. காரணம் கேட்டால் கூலியைச் சொல்கிறோம். குடியிருக்க இடமில்லாததை யாரும் பேசுவதில்லை.

தமிழர், தெலுங்கர், குஜராத்தியர், மார்வாடிகள், முஸ்லிம்கள் என்று பலரும் கலந்து வாழும் வட்டாரம் இது. கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் மளிகை, ஆண்டர்சன் தெருவில் காகிதம் என்று தெருவுக்கொரு சரக்கு. 1996-இல் கொத்தவால்சாவடி காய்கனிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போன பின்பும் மற்ற மொத்த வியாபாரம் இங்கே நடக்கிறது. ஆனால் மூட்டை சுமப்பவரும், கணக்கு எழுதுபவரும், பொட்டலம் போடுபவரும் இங்கே வாடகை கொடுத்துக் குடியிருக்க முடியவில்லை. 2000-க்குப் பின் நகரின் நடுவிலிருந்த ஏழைக் குடும்பங்கள் பல கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டன. பாரிமுனையிலிருந்து அவை 20 கிலோமீட்டருக்கு மேல். நமக்கு லாரிச் சரக்கு இறங்குவது பெரும்பாலும் இரவில். அந்த நேரத்தில் அவ்வளவு தூரத்திலிருந்து யார் வருவார்?

1970-இல் தொடங்கப்பட்டு, 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய குடிசை மாற்று வாரியம், பழுதடைந்த தன் குடியிருப்புகளை இடித்து அதே இடத்தில் கூடுதல் மாடிகளுடன் கட்டித் தருகிறது. இம்முறையை நமது வட்டாரத்துப் பழைய கட்டடங்களுக்கும் கொண்டு வரலாம். கீழே கடை, மேலே குறைந்த வாடகை வீடு.

கட்டும் விதத்திலும் கவனம் வேண்டும். வீடுகளுக்குப் போகும் படிக்கட்டு கடைக்குள்ளே போகாமல் தனியாக இருக்க வேண்டும். படுக்கும் அறைகள் சரக்கு இறங்கும் தெருப்பக்கம் இல்லாமல் பின்பக்கம் அமைய வேண்டும். கற்பூரம், ரசாயனக் கிடங்குகளுக்கு மேல் வீடு கட்டவே கூடாது. நம் தெருக்களில் தீயணைப்பு வண்டி நுழைவதே கடினம் என்பதை நாம் அறிவோம். வீட்டுக்கு வீடு தனி மின்சார மீட்டரும் வேண்டும்.

இன்னொன்று. மூட்டை தூக்க வரும்போது கேட்காத சாதியையும் மதத்தையும் வீடு கொடுக்கும்போது மட்டும் கேட்பது நியாயமல்ல. ஒதுக்கீடு குலுக்கல் முறையில் நடக்கட்டும்.

கட்டடத்தை இடித்தால் நம் கடை போய்விடும் என்று வாடகைக் கடைக்காரர் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. இடிக்கும் முன்பே, கட்டி முடியும்வரை மாற்றிடமும், முடிந்தபின் அதே அளவு கடையும் எழுத்து மூலம் உறுதி செய்யப்பட வேண்டும். 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இன்னும் வாய்ப்பேச்சில் கடை நடத்துவோர் உடனே ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்துகொள்வது நல்லது. கையில் காகிதம் இல்லாதவருக்கு எந்தத் திட்டத்திலும் இடம் கிடைக்காது.

சில்லறை மளிகைக்காரருக்கும் இதில் லாபம் உண்டு. மாடியில் குடியேறும் குடும்பம் அரிசியும் பருப்பும் எண்ணெயும் தேடித் தொலைதூரம் போகாது.

வணிகப் பெருமக்களே, நம்மைக் கேட்காமல் திட்டம் போட்டுவிட்டார்கள் என்று பின்னால் புலம்புவதில் பயனில்லை. நமது சங்கமே இக்கோரிக்கையைத் தீர்மானமாக்கி அரசின் முன் வைக்க வேண்டும்.