பால்வாடியில் படிப்பே இல்லையா?

ஏப்ரல் முடிந்து சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் திருவண்ணாமலை மாடவீதிகளில் திருவிழாத் தட்டிகளுக்கு நடுவே இன்னொரு வகைத் தட்டியும் முளைத்துவிடுகிறது. பட்டமளிப்பு விழா அங்கியும் தொப்பியும் போட்ட மூன்று வயதுக் குழந்தை, பக்கத்தில் ‘இரண்டரை வயது முதல் சேர்க்கை’, கீழே எழுத்துப் பயிற்சி, ஆங்கிலப் பேச்சு, அபாகஸ் என்று ஒரு பட்டியல். பூக்கடையிலோ ஆட்டோ ஸ்டாண்டிலோ பேச்செடுத்தால் தீர்ப்பும் தயாராக இருக்கிறது: “பால்வாடிக்கு அனுப்பினா சோத்தத் தின்னுட்டுத் தூங்கிட்டு வரும். அங்க என்னத்தச் சொல்லிக் குடுக்குறாங்க? எல்கேஜில போட்டிருந்தா இந்நேரம் ஏபிசிடி எழுதியிருக்கும்.”

இப்படிச் சொல்பவர்கள் பிள்ளைமேல் அக்கறை இல்லாதவர்கள் அல்ல. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் கடை போட்டுச் சேர்த்த காசைத்தான் கொண்டுபோய்க் கட்டுகிறார்கள். அதனாலேயே அவர்கள் சொல்வதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதில் கொஞ்சம் உண்மை உண்டு, பெரும்பகுதி தவறு. உண்மையான அந்தக் கொஞ்சத்துக்கும் அவர்கள் தேடும் மருந்து பொருந்தவில்லை.

முதலில் பென்சில். மூன்று வயதிலேயே எழுதப் பழகிவிட்டால் பின்னால் சுலபம் என்பது வாதம். குழந்தை பிறக்கும்போது மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிற்றெலும்புகளும் வெறும் குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாக இறுகி, எட்டும் எக்ஸ்ரேயில் தெரிய ஒன்பது பத்து வயதாகிவிடும். மூன்று வயதில் எடுத்தால் இரண்டோ மூன்றோதான் தெரியும். அதற்காகப் பென்சிலைத் தொடவே கூடாது என்றில்லை. தாராளமாகக் கிறுக்கட்டும், சுவர் முழுக்கக் கிறுக்கட்டும். ஆனால் நான்குகோட்டு நோட்டில் பக்கம் பக்கமாக ஒரே எழுத்தை எழுதுவதற்கு வேண்டிய பிடி, தோளில் தொடங்கி முழங்கை வழியாக விரலுக்கு வந்து சேர வேண்டியது. களிமண் உருட்டுவதும், மாவு பிசைவதும், ஈரத்துணி பிழிவதும், கம்பியைப் பிடித்துத் தொங்குவதும், காகிதம் கிழித்து ஒட்டுவதும்தான் அதற்கான பயிற்சி. அதை விட்டுவிட்டு நேராக நோட்டுக்குப் போனால் பிள்ளை எழுதத்தான் செய்யும், கை வலியோடு.

சீக்கிரம் தொடங்கியவர்கள் கடைசி வரை முன்னாலேயே இருக்கிறார்களா? நியூசிலாந்தில் செபாஸ்டியன் சுகேட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் இதைப் பார்த்தார்கள். ஐந்து வயதில் வாசிக்கக் கற்கத் தொடங்கிய பிள்ளைகளையும் ஏழு வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டார்கள். பதினோரு வயது வாக்கில் வாசிப்பில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. 2013-இல் வெளிவந்த முடிவு இது. பின்லாந்தில் பள்ளிக்கூடம் தொடங்குவதே ஏழு வயதில்தான்.

‘ஐந்தில் வளையாதது’ என்று பழமொழியை எடுத்துக்கொண்டு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: அதுகூட மூன்று என்று சொல்லவில்லை. நம்மூர்த் திண்ணைப் பள்ளிக்கூடங்களிலும் ஐந்து வயதை ஒட்டித்தான் சேர்த்தார்கள். சேர்ந்த பிள்ளைக்கு எழுத்தாணியைத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை, மணலைப் பரப்பி விரலால் எழுதவைத்தார்கள்.

அடுத்தது, விளையாட்டு வெட்டிப்பொழுது என்பது. இங்கேதான் பெற்றோர்மீது எனக்குக் கொஞ்சம் கோபம், ஏனென்றால் இவர்கள் எல்லோரும் அந்த விளையாட்டுகளை ஆடி வளர்ந்தவர்கள். குடம் தண்ணீர் ஊற்றிப் பூப் பூக்கும் ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு பேர் எதிரெதிரே நின்று கைகோத்து உயர்த்திப் பிடிப்பார்கள். மற்றவர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு வளைவுக்கு அடியில் நுழைந்து வருவார்கள். சுற்றுக்குச் சுற்று ஒரு குடமும் ஒரு பூவும் கூடும். பத்து வந்ததும் கை இறங்கும், அடியில் இருப்பவர் மாட்டிக்கொள்வார். நான்கு வயதுப் பிள்ளை இதில் என்னென்ன செய்கிறது? எண்ணை வரிசையாகச் சொல்கிறது. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சுற்று உண்டு என்பதை உடம்பால் அறிகிறது. ஓடத் துடிக்கும் காலை அடக்கி, முன்னால் போகிறவரின் வேகத்துக்கு நடக்கிறது. எட்டு ஆனதும் இன்னும் இரண்டுதான் என்று கணக்குப் போட்டுப் பயப்படுகிறது. மாட்டிக்கொண்டால் அழாமல் இருக்கப் பார்க்கிறது, பல நேரம் தோற்றும் போகிறது.

கிச்சுக்கிச்சுத் தாம்பாளமும் இப்படித்தான். மணல் மேட்டுக்குள் குச்சியை மறைக்கும் பிள்ளை, தனக்குத் தெரிந்த ஒன்று எதிராளிக்குத் தெரியாது என்பதை வைத்துத்தான் ஆடுகிறது. அடுத்தவர் மனத்தில் என்ன இருக்கும் என்று ஊகிக்கும் இந்தத் திறன் மூன்று, நான்கு, ஐந்து வயதில்தான் முளைக்கிறது. எந்த நோட்டில் எழுதிப் பழகினால் இது வரும்?

நூறு வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளையிடம், ஒரு தட்டு நிறையப் புளியங்கொட்டையை வைத்து “ஏழு எடுத்துக் குடு” என்று கேட்டுப் பாருங்கள். ஒப்பித்தது வேறு, எண்ணியது வேறு என்று தெரிந்துவிடும். (மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் புளியங்கொட்டை வேண்டாம். நேராக மூக்குக்குத்தான் போகும். அவர்களுக்கு இரண்டு டம்ளரும் ஒரு வாளித் தண்ணீரும் போதும், அரை மணி நேரம் மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டிருப்பார்கள்.)

ஊருக்கு வெளியே 2009 முதல் மருதம் பண்ணைப் பள்ளி நடக்கிறது. காடும் கைவேலையும் விளையாட்டும் அங்கே பாடத்தின் பகுதி, சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். பிள்ளையை மண்ணில் விளையாடவிட வேண்டும் என்று பெருநகரத்தை விட்டு இந்த மலையடிவாரத்துக்குக் குடிவந்த குடும்பங்களும் உண்டு. இங்கேயே பிறந்தவர்களோ பிள்ளையை மண்ணிலிருந்து தூக்கி வேனில் ஏற்ற அவசரப்படுகிறார்கள்.

இனி ‘சோறு மட்டும்தான்’ என்ற குற்றச்சாட்டு. முதலில், சோறு என்ன அற்ப விஷயமா? எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1-இல் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, பள்ளிப் பிள்ளைகளோடு பள்ளி வயதை எட்டாத பிள்ளைகளையும் அதில் சேர்த்ததற்குக் காரணம் இருந்தது. பசித்த பிள்ளைக்கு எந்தப் பாடமும் ஏறாது. எங்கள் பக்கத்து மையம் ஒன்றில் தட்டு வைக்கும் பொறுப்பு ஒரு நான்கு வயதுச் சிறுமியிடம் இருக்கிறது. ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டே போவாள். கடைசியில் ஒரு பிள்ளை தட்டில்லாமல் உட்கார்ந்திருக்கும். திரும்பி அடுக்களை வாசலுக்குப் போய் “ஆயா, இன்னும் ஒண்ணு” என்பாள். அந்த ‘இன்னும் ஒண்ணு’தான் கணக்கின் முதல் பாடம். அதைச் சோற்றுக் கணக்கில் எழுதிவிட்டு, படிப்பு இல்லை என்கிறோம்.

இரண்டாவது, பாடத்திட்டம் இல்லாமல் இல்லை. தமிழக அங்கன்வாடிகளுக்கென்று ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டமே இருக்கிறது. மாதத்துக்கு ஒரு கருப்பொருள், அதையொட்டிக் கதை, பாட்டு, பொருள்களைப் பிரித்து அடுக்கும் வேலை, வெளி விளையாட்டு, வயதுவாரியாகச் செயல்பாட்டுப் புத்தகம். பிள்ளை வீட்டுக்கு எழுத்து நிரம்பிய நோட்டைக் கொண்டுவருவதில்லை என்பதால் அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று பெற்றோர் முடிவுகட்டிவிடுகிறார்கள். தனியார் பள்ளிகள் இதைப் புரிந்துகொண்டிருக்கின்றன. அங்கே நோட்டு எழுதப்படுவது பிள்ளைக்காக அல்ல, சாயங்காலம் அதைப் புரட்டிப் பார்க்கும் அப்பா அம்மாவுக்காக.

ஆனால் திட்டத்தில் இருப்பதெல்லாம் தினமும் நடக்கிறதா? எல்லா மையங்களிலும் நடக்கவில்லை. பெற்றோர் சொல்வதில் நான் ஒப்புக்கொள்ளும் பகுதி இதுதான். பல மையங்களில் பிள்ளைகள் பாயில் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம் அதிகம். காரணத்தைப் பார்க்க வேண்டும். அங்கன்வாடிப் பணியாளர் எடை பார்க்க வேண்டும், உயரம் அளக்க வேண்டும், அதைப் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்ற வேண்டும். சிக்னல் இல்லையென்றால் தெருவுக்கு வந்து போனைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுக்க வேண்டும், தடுப்பூசி நாளில் தாய்மாரைத் திரட்ட வேண்டும், வீடு வீடாகப் போக வேண்டும், பதிவேடுகளை நிரப்ப வேண்டும். உதவியாளர் அடுப்படியில். இதற்கு நடுவே இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரை உள்ள ஒரு கூட்டத்துக்குக் கதை சொல்ல வேண்டும். சில இடங்களில் பணியாளரோ உதவியாளரோ இல்லவே இல்லை. மாநிலத்தில் 54,439 மையங்கள். 7,783 காலியிடங்களை நிரப்பப் போவதாக 2025 ஏப்ரலில் அரசே அறிவித்தது.

இன்னொரு ஆளைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஊகம் தேவையில்லை. தமிழ்நாட்டிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். அலெஹாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகியோர் 640 அங்கன்வாடிகளில் நடத்திய ஆய்வு அது. குலுக்கல் முறையில் தேர்ந்த பாதி மையங்களுக்கு அரைநாள் வேலைக்கு ஒருவரைக் கூடுதலாக அமர்த்தினார்கள். அவருக்குப் பிள்ளைகளின் கல்விதான் வேலை. கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது கணக்கிலும் மொழியிலும் அந்த மையத்துப் பிள்ளைகள் தெளிவாக முன்னால் இருந்தார்கள். மொழியில் முன்னேற்றம் இன்னும் அதிகம். வளர்ச்சி குன்றலும் கடும் ஊட்டக்குறைவும்கூடக் குறைந்திருந்தன. பழைய பணியாளருக்குத் தன் மற்ற வேலைகளைக் கவனிக்க நேரம் கிடைத்ததல்லவா, அதன் பலன் இது. கூடுதலாக வந்தவர்கள் பெரிய பட்டம் வாங்கியவர்கள் அல்ல, அந்தந்த ஊர்ப் பெண்கள். கட்டடம் மாறவில்லை, சீருடை வரவில்லை. ஒரு ஆள் வந்தார், அவ்வளவுதான்.

ஆங்கிலம் பற்றி நீளமாகச் சொல்ல எதுவுமில்லை. ஆங்கிலப் பாட்டு பாடட்டும், கெடுதல் இல்லை. ஆனால் மூன்று வயது என்பது பிள்ளை நாளெல்லாம் ‘ஏன், ஏன்’ என்று கேட்கும் வயது. வீட்டில் தமிழோ தெலுங்கோ உருதோ எதைப் பேசுகிறதோ அந்த மொழியில்தான் அந்தக் கேள்வி வரும். புரியாத மொழியில் வாய்மூடி உட்காரவைத்தால் நின்றுபோவது அந்தக் கேள்விதான்.

“எழுதத் தெரியாவிட்டால் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க மாட்டார்களே” என்பது கடைசிப் பயம். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 13-ஐப் படித்தால் போதும். சேர்க்கைக்காகப் பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டக் கூடாது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம், அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் 50,000 வரை. முன்பருவப் பிள்ளைகளுக்கு வாய்மொழித் தேர்வோ எழுத்துத் தேர்வோ வேண்டாம் என்று என்.சி.இ.ஆர்.டி.யும் 2019-இல் சொல்லிவிட்டது.

அப்படியானால் அங்கன்வாடியையே எல்கேஜி ஆக்கிவிடலாமே என்று ஒரு யோசனை உண்டு. அதையும் செய்து பார்த்தாயிற்று. 2019 ஜனவரியில், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். 2022-இல் மூடப் போவதாகச் செய்தி வந்தது, எதிர்ப்பு எழுந்ததும் தொடரும் என்றார்கள். அதற்கு அமர்த்திய தற்காலிக ஆசிரியருக்கு மாதம் ஐயாயிரம் ரூபாய். பெயர்ப்பலகையை மாற்றுவதில் இருந்த வேகம் ஆளை நிலையாக வைப்பதில் இல்லை.

முன்பருவ வகுப்பு என்று பெயர் இருந்தாலே நன்மை வந்துவிடாது. அமெரிக்காவின் டென்னசி மாநிலம் அரசு முன்பருவ வகுப்புகள் நடத்துகிறது. கிட்டத்தட்ட 3,000 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2022-இல் வெளிவந்தது. அந்த வகுப்புகளுக்குப் போன பிள்ளைகள், ஆறாம் வகுப்பில் போகாதவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள். ஒரே காரணத்தைச் சுட்டிவிட முடியாது. ஆனாலும், வகுப்புக்குள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்காமல் பணம் கட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டிய சேதி.

ஆகவே பெற்றோரிடம் என் கோரிக்கை இரண்டுதான். தட்டியைப் பார்த்து முடிவெடுக்குமுன் உங்கள் தெரு அங்கன்வாடிக்கு ஒரு நாள் காலை பத்து மணிக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகள் சும்மா இருந்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள், மனு எழுதுங்கள். ஊருக்குள் இருப்பவர்களுக்கு ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைக் குறைதீர்க் கூட்டம் இருக்கிறது. சுற்றுக் கிராமத்தவர்களுக்குக் கிராம சபை இருக்கிறது. நாட்டில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கிய நாள் 1975 அக்டோபர் 2. அக்டோபர் 2-இல் கிராம சபையும் கூடுகிறது. மனுவில் எல்கேஜி கேட்காதீர்கள். காலியிடத்தை நிரப்பச் சொல்லுங்கள், பிள்ளைகளோடு மட்டும் இருக்க இன்னொருவரைக் கேளுங்கள்.